நாற்பத்தொரு படங்கள்

ஹார்ட் டிஸ்க் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. பஸ்ஸில் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான் போல.

நான்கு வருடத்தில் அண்ணன் கையிலிருந்து அவள் வாங்கிய முதல் பொருள்.

"ரொம்பிருச்சு," என்றான். "நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்கு. இடமே இல்ல."

"உக்காருங்க," என்றாள்.

முன்பெல்லாம் அவனிடம் வா, போ என்றுதான் பேசுவாள்.

நாற்காலி இழுபடும் சத்தம்.

உமையாளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திருச்சியில் ஒரு கல்லூரியின் சர்வர்களை வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்கிறாள். மவுஸ் அவளுக்கு உதவாது. கட்டளையைத் தட்டச்சு செய்வாள். கணினி எழுத்தில் பதில் தரும். அதை ஒரு குரல் காதுக்குள் வாசிக்கும். மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் அந்தக் குரலை ஓடவிட்டிருப்பாள்.

அண்ணன் வயிரவனுக்குப் புதுக்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ. அங்கிருக்கும் கணினியை அவள்தான் அமைத்துக் கொடுத்தாள். அது ஜெரால்டைப் பதிவுத் திருமணம் செய்துகொள்வதற்கு முன்பு.

திருமணத்துக்கு வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பா வரமாட்டார் என்று தெரியும். அண்ணன் வருவான் என்றிருந்தாள்.

இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

"எதை அழிக்கணும்?"

"பழசையெல்லாம் எடுத்துரு. மூணு வருஷத்துக்கு முந்தினது எதுவும் வேணாம்."

"ஒருதடவ அழிச்சா திரும்ப வராது."



"தெரியும்."

மூன்று வருடத்துக்கு முந்தைய ஃபோல்டர்களை வரிசையாகக் கேட்டாள். கீரனூர் வளைகாப்பு. அறந்தாங்கி நிச்சயதார்த்தம். இலுப்பூர் காதுகுத்து. உள்ளே எல்லாமே கேமரா வைத்த பெயர்கள். எழுத்தும் எண்ணும்.

கேட்காமல் எதையும் அழிக்கமாட்டாள். ஒவ்வொன்றையும் திறந்து, பட்டியலைக் கேட்டு, பிறகு அழித்தாள். கீரனூர் போனது. அறந்தாங்கி போனது.

அடுத்த ஃபோல்டரின் பெயர், உமை.

அப்படி அவளை அழைப்பவன் அண்ணன் ஒருவன்தான்.

திறந்தாள். நாற்பத்தொரு கோப்புகள். இவற்றின் பெயர்கள் கேமரா வைத்தவை அல்ல. குரல் வழக்கமான வேகத்தில் பாய்ந்தது. பாதியில் நிறுத்தினாள். வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள்.

ஒன்று. ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். அரக்குப் புடவை.

இரண்டு. ஜெரால்டு கையை நீட்டுகிறான். அதைப் பிடிக்காமல் தானே படி ஏறுகிறாள்.

ஐந்து. மாலை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

படங்களை அவளால் பார்க்க முடியாது. பெயர்களைக் கேட்கலாம். அது அண்ணனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு. எதற்கோ சிரிக்கிறாள். அம்மாவின் சிரிப்பு.

அறைக்குள் அவன் இருமினான். டம்ளரை எடுத்தான். வைத்தான்.

பத்தொன்பது. பதிவாளர் அலுவலக வாசல். தலையைத் திருப்பி யாரையோ தேடுகிறாள்.

அவளுக்கு நினைவிருந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பைக் நின்றது. எஞ்சின் சத்தத்தில் அதே இழுவை, அதே திணறல். அண்ணன் வண்டியா பார் என்று ஜெரால்டிடம் கேட்டாள். பஸ் ஒன்று குறுக்கே நிற்கிறது, யாரும் தெரியவில்லை என்றான்.

இருபது. ரோடு மட்டும். கை ஆடிவிட்டது.

விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரல் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனது. உணர்ச்சி இல்லாத குரல். கமாவுக்கு நிற்கும், முற்றுப்புள்ளிக்கு நிற்கும். அவ்வளவுதான்.

நாற்பத்தொன்று. வாசல்வரை வந்தேன் உமை. உள்ளே வராததற்குக் காரணம், அன்று காலை அப்பா என்னிடம்

அங்கே நின்றது.

மறுபடி கேட்டாள். அதே இடத்தில் நின்றது.

"என்ன, முடிஞ்சுதா?" என்றான் வயிரவன்.

"இன்னும் இல்ல."

அந்த ஃபோல்டரைத் தன் கணினிக்கு நகர்த்தினாள். ஒருமுறை சரிபார்த்தாள். நாற்பத்தொன்றும் வந்திருந்தன. டிஸ்க்கில் மிச்சமிருந்த பழையவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு அழித்தாள். இலுப்பூர் போனது. இன்னும் பதினான்கு ஊர்கள் போயின. அரை மணி நேரமாயிற்று. அவன் எழுந்திருக்கவில்லை. போன் பேசவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி நீட்டினாள்.

"பாதிக்கு மேல காலியா இருக்கு. நாளைக்குத் தாராளமாப் போதும்."

"எல்லாம் போயிருச்சா?"

"ஒண்ண மட்டும் என் பக்கம் எடுத்து வச்சிருக்கேன்."

அவன் டிஸ்க்கை வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியே காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். தெரு முனை வரை அவர் குரல் கேட்டது.

"அதுல கடைசிப் பேரு பாதியில நிக்குது," என்றாள்.

"அதுக்கு மேல அடிக்க விடல," என்றான். "ரொம்ப நீளம்னு சொல்லிருச்சு."

"ஃபைல் பேருன்னா அவ்வளவுதான் விடும்."

"ம்."

டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"மீதியச் சொல்லுண்ணே."