இரண்டே கதவு

“ஒண்ணு எங்க பக்கம் நில்லு, இல்ல எங்களுக்கு எதிரியாப் போ. நடுவுல எதுவும் கிடையாது” என்று இஸ்திரிக் கடைக்காரர் மகளிடம் கத்துகிறார். எலக்ட்ரீஷியனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் அவள். அதற்குத்தான் இத்தனை ரகளை. எதிர்வீட்டு ஜன்னல்கள் காற்றே இல்லாமல் திறந்துகொள்கின்றன. கடை டிவியில் தலைவர் விரலை உயர்த்துகிறார்: “என்னோடு நிற்பவன் நாட்டை நேசிப்பவன். மற்றவனெல்லாம் துரோகி.” மேடைப்பேச்சில் தில்லுமுல்லைப் பிடித்துவிட்டால் மேசையை ஓங்கித் தட்டுவது கடைக்காரரின் வழக்கம், தெருவுக்கே அது பொழுதுபோக்கு. இப்போதும் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் விட்டுவிட்டு, கை தானாகத் தட்டுகிறது. “ஏன்யா, உன்னையும் பிடிக்காம, நாட்டையும் நேசிக்கிறவன் இருக்கக் கூடாதா? ரெண்டே கதவைக் காட்டி ஏமாத்துறான் பாரும்மா.” சிரிக்கத் திறந்த வாய் மூடவில்லை. மகள் அவரையே பார்க்கிறாள். அவரோ தன் குரலையே யாரோ திருடிப் பேசியதைப் போலத் திரையைப் பார்க்கிறார். கருகல் வாடை எழுகிறது. “அப்பா, சட்டை” என்கிறாள் அவள் மெதுவாக. அப்புறம் அந்த எலக்ட்ரீஷியனையே ஊரறியக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன அதே சட்டையை, முதுகில் பெட்டித் தழும்போடு போட்டுக்கொண்டு, அந்தக் கல்யாணத்தில் மகள் பக்கமே நின்றார் மனிதர்.