இரண்டு பேர் கேட்ட வீடு

“ரெண்டு பசங்கதாங்க. இருக்கிற இடமே தெரியாது. ஒரு தடவ உள்ள பாத்துட்டாவது போறேனே” என்று அவள் கெஞ்சினாள்.

வீட்டுக்காரர் துருப்பிடித்த கேட்டைப் பாதி திறந்து, உடம்பால் வழியை மறைத்துக்கொண்டு நின்றார். “இப்ப எங்க குடியிருக்கீங்க?”

“பாலத்தடியில. மூணாவது சந்து.”

அவர் முகம் சட்டென்று மாறியது. “அடடா, இப்பத்தாம்மா ஒருத்தர் பேசி முடிச்சுட்டுப் போனாரு. வீடு போயிடுச்சு.” கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகை மட்டும் அவள் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனைக்கு வந்ததும் அவள் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள்: மணி பத்து பன்னிரண்டு, கேட்டுக்கு வெளியே, மறுப்பு. உண்மையில் அவளுக்குப் பிள்ளைகளும் கிடையாது, பாலத்தடியும் கிடையாது. மனித உரிமை ஆணையத்தில் அவளுக்கு இதுதான் வேலை. வாய் கூசாமல் பொய் சொல்லி, மற்றவர்கள் வாயிலிருந்து உண்மையைக் கறக்க வேண்டும்.

புகார் கொடுத்தவள் பாலத்தடியில் குடியிருக்கும் ஒரு நர்ஸ். பாலத்தடி என்றாலே ஊரில் மூக்கைப் பொத்துகிறவர்கள்தான் அதிகம். “பதினோரு வீடு பாத்தாச்சு மேடம். நான் ஊசி போட வந்தா மட்டும் கையை நீட்டறாங்க” என்று ஆணையத்தில் வந்து அழுதாள். அன்றைக்கே, அவளுக்குப் பதினோராவதாக இல்லை என்ற இந்த வீட்டுக்காரரை விடக்கூடாது என்று இவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

மரத்தடியில் சிட்டு காத்திருந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சிட்டு இவளை அக்கா என்பாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சித்தி வீட்டில் இருப்பதாகச் சொல்வாள், ஆனால் ஒருவரையும் அங்கே கூப்பிட்டதில்லை.

இனி சிட்டுவின் முறை. அதே கதை, அதே இரண்டு பிள்ளைகள், முகவரி மட்டும் வசதியானவர்கள் இருக்கும் மணிக்கூண்டுத் தெரு. இவளுக்கு வீடு உண்டு என்று சொல்லிவிட்டால் மனிதர் வசமாக மாட்டிக்கொள்வார்.

“மூணாவது சந்துன்னுதானேக்கா சொன்னீங்க? நாலாவதுன்னு சொல்லியிருந்தா மாட்டியிருப்பீங்க. அங்க வீடே கிடையாது, வெறும் சாக்கடை.”

“ஃபைலைக் கரைச்சுக் குடிச்சுட்டியா? சரி, போ போ.”

சிட்டு திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. தலையைக் குனிந்துகொண்டே வந்தாள்.

“எனக்கும் இல்லன்னுட்டாருக்கா. கேட்டுக்குள்ளயே விடல.”

“மணிக்கூண்டுத் தெருன்னு சொன்னியா?”

“சொன்னேன். அதே பாட்டுதான், வீடு போயிடுச்சாம்.”

“அதுக்கா இவ்வளவு நேரம்?”

“கெஞ்சிப் பாத்தேன்.”

அக்கா நோட்டை மூடினாள். இரண்டு பேருக்கும் இல்லையென்றால் அது பாகுபாடு ஆகாது. “முழங்கையெல்லாம் பச்சைப் பெயிண்ட், எங்க போய் இடிச்சுக்கிட்ட?” என்று கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். சிட்டு அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸுக்கு அக்காவேதான் ஃபோன் செய்தாள். “சரிங்க மேடம்” என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து, ஆதாரம் இல்லாததால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று கடிதம் தயாரானது. அதை வீட்டுக்காரரிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வழக்கமாகச் சிட்டு செய்யும் வேலை, அன்று அவள் லீவு. அக்காவே கிளம்பினாள். அந்த ஆள் தன்னை அடையாளம் கண்டு கொஞ்சமாவது கூசட்டும் என்று அவளுக்கு ஆசையாகவும் இருந்தது.

அதே துருப்பிடித்த கேட். பலகையைக் காணோம். கீழ்வீட்டுக் கதவு புதுப் பச்சைப் பெயிண்டில் பளபளத்துக்கொண்டு திறந்திருந்தது. அக்கா அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, உள்ளேயிருந்து துடைப்பமும் கையுமாகச் சிட்டு வெளியே வந்தாள்.

அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“அடிப்பாவி, உனக்கு வீடு வேணுங்கறதுக்காக அந்த நர்ஸம்மாவைக் குழியில தள்ளிட்டியே” என்றாள் அக்கா. “மணிக்கூண்டுத் தெரு நாங்க குடுத்த முகவரிடி. அதைச் சொல்லி நீ குடிவந்துட்ட. பாலத்தடிக்காரங்க படற பாடு உனக்கு என்ன தெரியும்?”

சிட்டு பதறிப்போய் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே வீட்டுக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவாப் பேசுங்கக்கா. நானும் பாலத்தடிதான்.”