இரண்டாம் முழுக்கு

வலியசாலைத் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மகாராஜா சர்க்காரில் உத்தியோகம், இருபத்தைந்து வயது, கல்லுமாதிரி உடம்பு. அந்தச் சாம்பசிவனுக்குப் பெண்டாட்டி சாதம் ஊட்டுகிறாளாம்!

"சைக்கிள் மிதிச்சுக் கை மரத்துப் போறதாமே மாமி?" எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி வந்து விசாரித்தாள். "மிதிக்கறது கால். மரக்கறது கையா?"

சாம்பசிவனின் அம்மா வாலாம்பாள், மடிக்கென்று உடுத்தும் நார்மடிப் புடவையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்னத்தைச் சொல்ல! நான் மடி, எச்சில் தொட முடியாது. அவதான் ஊட்டியாகணும். கலி முத்திப்போச்சு."

கை மரத்தது என்னவோ நிஜம். நெடுமங்காட்டு ஆபீஸுக்குப் பதினோரு மைல். திரும்பிவரப் பதினோரு மைல். ரஸ்தா முழுக்கச் சரளைக்கல். முதல் வாரம் சாதத்தைப் பிசைந்தால் விரல் இருக்கிற இடமே தெரியவில்லை.

இரண்டாம் வாரம் ஆபீஸ் பியூன் தாசையன் வழி சொன்னான்.

"சாரே, வெறும் கம்பியைப் பிடிச்சா மரக்கத்தான் செய்யும். இலவம்பஞ்சு வச்சு உறை தச்சு ஹாண்டில்பாரிலே கெட்டும். மைலுக்கு ஒருக்கா பிடியை மாத்தும், கையை உதறும்."

கட்டினான். நாலே நாளில் கை பழையபடி ஆகிவிட்டது.

ஆனால் வீட்டில் மூச்சு விடவில்லை. கல்யாணமாகி எட்டு மாசம். அம்மா எதிரில் பாகீரதியோடு நாலு வார்த்தை பேசினது கிடையாது. இப்போதோ தினம் அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருகிறாள், உருண்டைக்கு ஒரு சிரிப்பு. இந்தச் சுகத்தை விட எவனுக்கு மனசு வரும்?

அதனால் சாயங்காலம் தைக்காட்டிலேயே இறங்கி, உறைகளை அவிழ்த்துப் பைக்குள் திணித்துவிட்டு, விரல்களை விறைத்துக்கொண்டு வீடு வந்து சேருவான்.

அன்று சாப்பிடும்போது அனந்தலக்ஷ்மி மறுபடி வந்தாள்.

"மாமி, நாளைக்குக் கார்த்தாலே எங்காத்துக்கு வைத்தியர் வரார். இங்கேயும் அழைச்சுண்டு வரேன்."

"வரட்டுமே" என்றாள் அம்மா.

சாம்பசிவன் கையை மேல்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டான். வழியில் ஒரு உறை வேறு கிழிந்து, நெடுமங்காட்டு ரஸ்தா நெடுகப் பஞ்சு பறந்திருந்தது. பட்ட காலிலேயே பட்டது.

"கையைப் பிடிச்சதுமே வைத்தியருக்குத் தெரிஞ்சுடும்" என்று பாகீரதி கிசுகிசுத்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மரத்த கையாலே யாராவது சைக்கிள் பூட்டைப் பூட்டுவாளா? இன்னும் ரெண்டு உருண்டை சாப்பிடுங்கோ. இன்னியோட சரி." சிரிக்கத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை அவன் கிளம்பும்போது அம்மா கிணற்றடியிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள்.

"என்னம்மா, அப்பவே குளிச்சாச்சே?"

"விழுப்பைத் தொட்டுட்டேன், மடி போயிடுத்து. மறுபடி ஒரு முழுக்கு. உன் ஜோலியைப் பாருடா."

அதற்குள் வைத்தியர் வாசலில் நின்றார். சாம்பசிவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அம்மா நிலைப்படியை மறித்து நின்றாள்.

"வேண்டாம் வைத்தியரே. வெறுதே உமக்குச் சிரமம். தன்னாலே சரியாறபோது ஆகட்டும். கொஞ்ச நாள் இப்படியே ஊட்டட்டும்."

அனந்தலக்ஷ்மி திறந்த வாயை மூடவில்லை. சாம்பசிவன் தப்பினோம் பிழைத்தோம் என்று சைக்கிளில் ஏறிப் பறந்தான்.

தைக்காட்டில் இறங்கினான். கிழிந்த உறையை எப்படியாவது சுற்றிக் கட்டலாம் என்று பையைத் திறந்தான்.

உறையில் கிழிசலைக் காணோம். புதுப் பஞ்சு அடைத்து, மேலே ஒட்டுப்போட்டு, நுணுக்கி நுணுக்கித் தைத்திருந்தது. ஒட்டுப்போட்ட துணி நார்மடி.

காலையில் அம்மா தொட்ட விழுப்பு எது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.