ஏறும் எறும்பும் இறங்கும் எறும்பும்

ஏரிக்கரைச் சுவரின் விரிசலுக்குள் ஒரு பல்லி இருந்தது. வெளியே விரலகலம்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். அங்கே எத்தனை எறும்பு ஏறியதோ, அத்தனை எறும்பு இறங்கியது. மூன்று நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, "இங்கே எதுவும் மாறப்போவதில்லை" என்று நம்பி, பல்லி அங்கேயே இரண்டு முட்டையிட்டது.

மறுநாள்தான் எறும்புகளின் வாயைக் கவனித்தது. ஏறுகிற வாயிலெல்லாம் வெள்ளை முட்டை. இறங்குகிற வாயெல்லாம் காலி.

"எங்கே தூக்கிட்டுப் போறீங்க?" என்று பதறியது.

"ஏரித் தண்ணி ஏறிட்டே வருது அக்கா. நாலு நாளா வீட்டைக் காலி பண்றோம். நீயும் உன் முட்டையைத் தூக்கிட்டு மேலே வந்துடு" என்றது ஓர் எறும்பு.

பல்லி திரும்பிப் பார்த்தது. இரண்டு முட்டைகளும் சுவரோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. தவறி விழுந்துவிடக் கூடாதே என்று அதுதான் அவ்வளவு அழுத்தி ஒட்டியிருந்தது.