இன்னர் பெட்டிக்குள் தெரியவில்லை

"வணக்கங்க. சிவகாசி ஓவியா ஆர்ட்ஸ்ல இருந்து பேசுறோம்."

ஓவியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஆபீஸ் மாடிப்படிக்கு ஓடினாள். பேசியது அவளுடைய அப்பா கருப்பணன்.

அப்பா பேச்சை மீறி அன்வரைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தபிறகு அந்தக் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறாள். பட்டாசு லேபிள் டிசைன் போடும் கடைக்கு மகள் பெயரை வைத்த மனுஷன், அந்த மகளிடமே கடைப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். கடை போர்டை இன்னும் மாற்றவில்லை என்பதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

"அப்பா..."

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறுங்க. அதக் கேக்கத்தான் போட்டேன்."

'ங்க'வாம். பெற்ற மகளிடம் சர்வீஸ் கம்பெனிக்காரனிடம் பேசுவதுபோல 'ங்க' போடுகிறார். வீம்பு பிடிப்பதில் கருப்பணனை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஓவியாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"சொல்லுங்கப்பா. என்ன கோளாறு?"

"வெளிய மாட்டுற டிரைவு இருக்குல்லங்க, அது அவுட்டர்ல தெரியுது. இன்னர்ல தெரிய மாட்டேங்குது."

வேறு யாராக இருந்தாலும் விழித்திருப்பார்கள். ஓவியாவுக்கு உடனே புரிந்தது.

பழைய லேபிள்கள் எல்லாம் பழைய விண்டோஸில்தான் திறக்கும். கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்குள்ளேயே பழைய விண்டோஸை ஒரு விர்ச்சுவல் மெஷினாகப் போட்டுக்கொடுத்தது அவள்தான். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் என்று சொன்னபோது அப்பாவுக்கு மண்டையில் ஏறவில்லை. வெடியை அடுக்குவது இன்னர் பெட்டி, அதையெல்லாம் உள்ளே வைத்துக் கட்டுவது அவுட்டர் பெட்டி, அந்த மாதிரிதான் இதுவும் என்றதும் பட்டென்று பிடித்துக்கொண்டார்.

இது ஒன்றும் பெரிய கோளாறு இல்லை. ஒரு டிக் போட்டால் தீர்ந்தது.

தீர்ந்தால் அப்பா போனை வைத்துவிடுவார். அப்புறம் எந்தக் காலத்தில் எடுப்பாரோ.

"மொதல்ல இன்னரை அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்கப்பா" என்றாள். அதற்கு அவசியமே இல்லை.

"அணைச்சிட்டேங்க. திரும்பப் போட்டாச்சு. வர நேரமாகும்."

"ஆகட்டும்ப்பா. பொறுமையா வரட்டும்."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அப்பா மூச்சுவிடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. அந்தச் சத்தமே போதும்போல் இருந்தது அவளுக்கு.

"அங்கன மழை உண்டுங்களா?" என்றார் கருப்பணன்.

பட்டாசு ஊர்க்காரர் யாரிடம் பேச்சைத் தொடங்கினாலும் மழையில்தான் தொடங்குவார்.

"லேசாத் தூறுதுப்பா."

"இங்க பொட்டு மழையில்ல. வெடி காயப்போடத் தோதாத்தான் இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேலை அம்புட்டும் ஒக்காந்தே பாக்குறதுதானங்க? நேரத்துக்குச் சாப்பிடுறீகளா?"

சாப்பிடுறீகளா. அந்த மரியாதை அவளைக் கிள்ளியது. ஆனாலும் சாப்பிட்டாளா என்று அப்பா கேட்டுவிட்டார். அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுறேன்ப்பா. அவரும் நல்லாச் சமைப்பாரு."

அன்வர் பேச்சு வந்ததும், "இன்னர் வந்துருச்சுங்க" என்று பேச்சை வெட்டினார் கருப்பணன். கெடுத்துவிட்டோமே என்று ஓவியா பதறிப்போனாள். இனிமேல் இழுத்தால் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"அப்பா, டிரைவு ஒரு நேரத்துல ஒரு எடத்துலதான் இருக்கும். அவுட்டர் விட்டாத்தான் இன்னர் புடிக்கும். மேல டிவைசஸ்னு இருக்கும், அத அமுக்குங்க. உள்ள யூ.எஸ்.பி. இருக்கும். அதுல டிரைவு பேரு வரும். பக்கத்துல டிக் போடுங்க."

"போட்டுட்டேங்க."

"இப்ப இன்னர்ல வந்துருக்கும், பாருங்க."

"இல்லையேங்க."

வந்திருக்க வேண்டும். ஓவியாவுக்குக் குழப்பமாக இருந்தது. குழப்பத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

"டிக் விழுந்துச்சாப்பா?"

"விழுந்துருச்சுங்க. ஒண்ணுக்கு ரெண்டு தடவை போட்டுட்டேன். இன்னர்ல ஒண்ணத்தையும் காணோம்."

அப்போது அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம். பின்னாலேயே அம்மா பஞ்சம்மாளின் குரல்.

"ஏங்க, காலையில போன கரண்டு இன்னும் வந்தபாடில்ல. இருண்டு கெடக்குற கம்ப்யூட்டருக்கு முன்னால ஒக்காந்து, டிக்குப் போட்டேன் டிக்குப் போட்டேன்னு யார்ட்டய்யா சொல்லிட்டு இருக்கீக?"

கருப்பணன் சட்டென்று போனைப் பொத்திக்கொண்டது ஓவியாவுக்குக் கேட்டது.

கோளாறே கிடையாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு அப்பாவைத் தெரியும். மானம் போன இந்த நிமிஷத்தில் போனை வைத்துவிட்டார் என்றால், பிறகு ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டார்.

அவள் அவசர அவசரமாகச் சொன்னாள்.

"அப்பா, ஒண்ணும் பிரச்சினையில்ல. அந்த டிக்கை எடுத்துட்டு, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க."

அந்தப் பக்கம் மவுஸ் 'டிக்'கென்று அமுங்கும் சத்தம் கேட்டது.

"போட்டுட்டேன் தாயி."