சுற்றாத கொடி

"இது வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்கண்ணா."

'அவர்' இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். இருந்தும் நர்சரிக்காரர் தூது போக வேண்டியிருந்தது. "தம்பி, சங்குப்பூ வேண்டாமாம்."

"கேட்டுச்சுங்க" என்றான் கணவன்.

வந்ததிலிருந்து இதே கூத்துதான். கணவனைப் பார்த்தால் தங்கமான பையனாகத் தெரிந்தான். வீட்டின் பின்பக்கத்தை ஒரு நோட்டில் படமாகவே வரைந்து வந்திருந்தான். சுவரின் நீளம், உயரம், காலையில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்கும் வெயில், அதன்பிறகு பக்கத்து மாடிக் கட்டடத்தின் நிழல் என்று எல்லாம் அதில் இருந்தது. வேர் சுவரைப் பிளக்குமா, தண்ணீர் எவ்வளவு, பூச்சி வருமா என்று ஒவ்வொரு செடிக்கும் நாலு கேள்வி கேட்டான். "யோசிச்சு முடிவு பண்ணலாம், அவசரமில்ல" என்று கடைசியில் ஒரு வாலும் சேர்த்தான். மனைவியோ முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றாள்.

நர்சரிக்காரர் சீந்திலைக் காட்டினார். "நிழலுக்கு இது நல்லா வரும்மா."

"சுத்துமா?"

"கொடின்னா சுத்தத்தானேம்மா செய்யும்? பின்ன, கையைக் கட்டிக்கிட்டா நிக்கும்?"

"அப்ப வேண்டாம்."

"பக்கத்துச் செடியோட கழுத்தை நெரிச்சிடும்னு பயமா? நேரத்துக்கு வெட்டி விட்டாப் போச்சு."

"நேரத்துக்கு வெட்டி விட எங்க வீட்ல ஆளில்லண்ணா."

கணவன் குனிந்து நோட்டைப் புரட்டினான். நர்சரிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவள் தொட்டிகளைப் பார்த்தபடி நகர்ந்ததும் அவனை ஓரம் கட்டினார்.

"என்ன தம்பி, இவ்வளவு கோபம்?"

"ரெண்டு மாசமா என்கிட்ட பேச்சே இல்லீங்க. நாள் பூரா பின்பக்கம் உக்காந்து அந்த மொட்டைச் சுவத்தையே பார்க்கிறா. பச்சையா ஏதாச்சும் படர்ந்தா மனசு மாறும்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். ஒரே ஒரு வார்த்தை பேசினாப் போதும் எனக்கு."

பாவமாக இருந்தது. பெண்டாட்டி பேசவில்லை என்று செடி வாங்க வந்த ஒருவனை அவர் இப்போதுதான் பார்க்கிறார். சில பெண்களுக்கு நல்லவன் வாய்த்தால் அருமை தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டார். இன்றைக்கு இவளைப் பேச வைத்துத்தான் அனுப்புவது என்று முடிவும் கட்டினார்.

கடைசி வரிசைக்குப் போய் ஒரு தொட்டியைத் தூக்கி வந்தார். காசு அகலத்தில் பொடிப்பொடி இலைகள்.

"இந்தாம்மா, உனக்குன்னே வளர்த்தது. அத்தியில கொடி வகை. எதையும் சுத்தாது. பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிட்டே ஏறும். நிழல்ல விட்டாலும் கோவிச்சுக்காது."

அவள் முதல்முறையாக ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். தலை லேசாக அசைந்தது.

"ஒண்ணே ஒண்ணு. கிள்ளினா பால் வடியும், வாயில வெச்சா ஆகாது. வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

"இல்லீங்க" என்றான் கணவன். இந்தக் கேள்விக்கு மட்டும் அவன் யோசிக்கவில்லை. "இதுலயே ஆறு தொட்டி குடுத்துடுங்க."

"நாளைக்குக் காலையில வண்டியில வந்துடும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் ரசீதை நீட்டினார். அவள் மனம் மாறுவதற்குள் முடித்துவிட நினைத்தானோ என்னவோ, படித்துக்கூடப் பார்க்காமல் சரக்கென்று போட்டுக் கொடுத்தான்.

"பரவாயில்லையே! கையெழுத்து இவ்வளவு சீக்கிரம் வருதே உங்களுக்கு!"

பேசிவிட்டாள். அதுவும் நேராக அவனிடமே. நர்சரிக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்தீங்களா தம்பி, செடி இப்பவே வேலையைக் காட்டிடுச்சு!"

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"புள்ளைக்குக் கழுத்துல கொடி சுத்திக்கிச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் பேப்பரை நீட்டினப்ப, மூணு மணி நேரம் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே!"