கழுவிக் கவிழ்த்த டப்பா

"டீயா? எங்க ஊட்டுல டீத்தூள் டப்பாவைக் கழுவிக் கவுத்து ரெண்டு மாசமாச்சுங்க, டாக்டரம்மா" என்றார் இளங்குமரன், குன்னூரிலிருந்தே டீயை ஒழித்துவிட்டவர் போல.

டாக்டர் சுகுணா அவரை விட்டுவிட்டு அவர் மனைவி உமாமகேஸ்வரியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. நாக்குல கொஞ்சம் பட்டாலே சிலருக்கு விடிய விடியத் தூக்கம் வராது."

"கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து ஒரு டம்ளர் டீ குடிச்சதில்லீங்க. காபியும் இல்லீங்க" என்றாள் உமா. அதில் பொய்யில்லை.

கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். இளங்குமரன் ஒரு நோட்டை விரித்தார். உமாவின் தூக்கத்துக்குச் செய்து பார்த்த வைத்தியம் எல்லாம் தேதி வாரியாக அதில் இருந்தது. வெந்நீரில் கால் வைத்தது, செல்போனைப் பீரோவில் பூட்டியது, ஜாதிக்காய் உரசிப் போட்ட பால்.

"பாலைக் குடிக்கறாங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க. சர்ர்ருனு ஒரே உறிஞ்சு. அந்தச் சத்தத்துல எனக்கு வர்ற தூக்கமும் ஓடிருதுங்க."

"ஏனுங்க, சும்மா இருங்க" என்று உமா அவர் முழங்கையை இடித்தாள். "பழக்கமாயிருச்சு, விடுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "தூக்கம் வராதது எப்பத்துலருந்து?"

"லீவுல இருந்தப்போ உடம்பு எரியும், ஆனா படுத்தாத் தூங்கிருவேனுங்க. மறுபடி ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்த திங்கக்கிழமை ராத்திரி நீங்க குடுத்த ஹார்மோன் மாத்திரையை ஆரம்பிச்சேன். எரிச்சல் கொஞ்சங்கொஞ்சமா நின்னுருச்சு. தூக்கம் அன்னைக்கே போயிருச்சு. இன்னையோட இருபத்தொரு நாள்."

"அப்ப மாத்திரைதான் ஒத்துக்கலை. நிறுத்திடுவோம்."

மாத்திரைக்கு முன்பு, புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடந்த காலை நேரத்தில், ஊரே ஸ்வெட்டரும் குல்லாவுமாய்ப் போக, உமா மட்டும் வாசலில் நின்று காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருப்பாள். "அம்மா ஏதோ கோவமா இருக்காங்களாட்ட" என்று பால்காரர் கேனை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிய நாளும் உண்டு.

"அது மட்டும் வேண்டாமுங்க, டாக்டரம்மா. தூக்கம் போனாப் போகுது. அந்த எரிச்சல் திரும்ப வந்தா என்னால ஆகாதுங்க."

"தூங்காம எத்தனை நாள் ஓட்டுவீங்க?" டாக்டர் சீட்டை இழுத்து, மாத்திரையின் பெயரை எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டார். எழுதிக்கொண்டே கேட்டார். "ஃபேக்டரில என்ன வேலை? கனம் ஏதாச்சும் தூக்கறீங்களா? இன்னும் கொஞ்ச நாளைக்கு ஆகாது."

"கனமெல்லாம் இல்லீங்க. ஸ்பூன் ஒண்ணுதான் தூக்கறது."

"ராஜா மாதிரி வேலைங்க" என்று இளங்குமரன் முந்திக்கொண்டார். "இவ தலையாட்டினாத்தான் சரக்கு லாரி ஏறும். முதலாளியே பக்கத்துல கைகட்டி நிப்பாருங்க."

டாக்டரின் பேனா நின்றது. "அந்த ஸ்பூனை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"மேசையில வரிசையா வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் எடுத்து, உறிஞ்சி, ருசி சொல்லோணுங்க. ஒரு நாளைக்கு அறுபது கப் டீயாவது வரும்" என்றவள், டாக்டர் அந்தச் சீட்டை மெல்லக் கசக்குவதைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணைக்கூடக் குடிக்கறதில்லீங்க. துப்பிருவேன்."